இஜிஆர் சென்சார் கோளாறு: வால்வை மாற்றும் முன் கவனிக்காமல் விடுபவை

செக் எஞ்சின் விளக்கு எரியும், ஸ்கேனரில் இஜிஆர் (புகைவாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பு) என்று ஒரு கோளாறு எண் காட்டும், உடனே வால்வை மாற்றிவிடுவார்கள். இன்றைய டீசல் கார்கள் பலவற்றில், வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் பொசிஷன் சென்சார் வால்வோடு சேர்ந்தே வருகிறது. அதனால் சென்சார் மீது சந்தேகம் வந்தாலே முழு வால்வுக்கும் பணம் போகிறது. சில நாளில் அதே விளக்கு மறுபடி எரிந்தால், எண்ணைச் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

பி0401 என்றால் வாயு போதுமான அளவு ஓடவில்லை, பி0402 என்றால் தேவைக்கு மேல் ஓடுகிறது. இரண்டுமே ஓட்டத்தைப் பற்றியவை. சென்சார் கெட்டுவிட்டது என்று இவை சொல்லவில்லை. பல டீசல் எஞ்சின்களில் இஜிஆர் வாயுவை யாரும் நேரடியாக அளப்பதில்லை. வால்வு திறந்ததும் வெளியிலிருந்து வரும் காற்று எவ்வளவு குறைகிறது என்று ஏர் ஃப்ளோ சென்சார் சொல்வதை வைத்து ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கணக்குப் போடுகிறது. ஆகவே கரி அடைப்பு மட்டுமல்ல, ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு படிந்தாலும், இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்தாலும் இதே எண் விழும்.

பி0405 (சிக்னல் குறைவு), பி0406 (சிக்னல் அதிகம்) ஆகியவைதான் சென்சார் சர்க்யூட்டைக் காட்டுபவை. பி0403 வால்வை இயக்கும் சர்க்யூட்டைச் சேர்ந்தது. மல்டிமீட்டரை எடுக்க வேண்டியது இங்கேதான். அதற்கு முன் எண்ணை அழித்துவிடாதீர்கள். அது விழுந்த நேரத்தில் எஞ்சின் எந்த வேகத்தில், எவ்வளவு சூட்டில் இருந்தது என்ற ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரமும் கூடவே அழிந்துபோகும்.

இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப். வால்வின் கனெக்டரைக் கழற்றினால், வயர் பக்கத்தில் ஒரு பின்னில் 5 வோல்ட் இருக்க வேண்டும், எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். பிறகு கனெக்டரை மாட்டி, பின்பக்கமாக ஊசி புரோபை விட்டு சிக்னலைப் பாருங்கள். முன்பக்கமாகத் தடித்த புரோபைக் குத்தினால் டெர்மினல் விரிந்து, இல்லாத கோளாறு ஒன்று புதிதாக வரும். பெரும்பாலான வண்டிகளில் வால்வு மூடியிருக்கும்போது சிக்னல் 1 வோல்ட்டை ஒட்டி இருக்கும், திறக்கத் திறக்கச் சீராக ஏறும். சிலவற்றில் இது தலைகீழாக இருக்கும் என்பதால் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஓரிடத்தில் சடாரென்று விழுந்து எழுந்தால் சென்சார் டிராக் தேய்ந்திருக்கிறது.

5 வோல்ட்டே வரவில்லை என்றால் ஈசியு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அதே 5 வோல்ட் லைனை வேறு சென்சார்களும் பங்கிடுகின்றன. ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாமே படுத்துவிடும். கூடவே பி0641 (சென்சார்களுக்கான 5 வோல்ட் லைனில் கோளாறு) இருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கிறது. லைனில் உள்ள மற்ற சென்சார்களின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. சூடான குழாய் அருகே போகும் வயரை அசைத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

சுத்தம் செய்யும்போது வால்வைக் கழற்றிச் செய்யுங்கள். மோட்டாரும் சென்சாரும் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். கிளீனர் அதற்குள் இறங்கினால் நல்ல சென்சாரும் போய்விடும். ஸ்க்ரூடிரைவரால் வால்வை நெம்பித் திறந்தால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையலாம். வால்வை மட்டும் பளபளப்பாக்கிவிட்டு இன்டேக் மேனிஃபோல்டில் கரியை அப்படியே விட்டால் பி0401 போகாது. கேஸ்கெட் புதிதாகவே போடுங்கள்.

புது வால்வு மாட்டிய பின் ஸ்கேனரில் அடாப்டேஷன் (புது வால்வின் நிலைகளை ஈசியுவுக்குப் பழக்குவது) செய்யச் சொல்லும் வண்டிகள் உண்டு. அதை விட்டால் மூடிய நிலை எதுவென்று ஈசியு பழைய அளவையே நம்பிக்கொண்டிருக்கும். தகடு வைத்து வழியை அடைத்துவிடுவது தீர்வே அல்ல: நைட்ரஜன் ஆக்சைடு கூடும், ஓட்டம் இல்லாததால் பி0401ம் விழும்.

வால்வைக் கழற்றும்போது கரி ஈரமாகவும், ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தும் இருந்து, கூலன்ட்டும் குறைந்துவந்தால் இஜிஆர் கூலர் (அந்த வாயுவைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் பாகம்) கசிகிறது. பிரஷர் டெஸ்ட் செய்து உறுதிப்படுத்தும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். அந்தக் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கக்கூடும்.