லாரியின் பின்சக்கர பிரேக் விடாமல் பிடித்தால்: காரணம் கண்டு சரிசெய்யும் முறை

புனலூரிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறி வந்த லாரியின் பின்சக்கரங்களில் ஒன்று மட்டும் அனலாகக் கொதித்தால், பெரும்பாலும் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏற்றத்தில் பிரேக்கை அதிகம் மிதிப்பதில்லை என்பதால் அங்கே செய்யும் சோதனையை நம்பலாம். புளியரைக்கு இறங்கியபின் பார்த்தால் எல்லா டிரம்களும் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் கூடுகள்) சூடாகவே இருக்கும், எதுவும் விளங்காது. டிரம்மைத் தொடாமல், புறங்கையை அருகில் காட்டி ஒப்பிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழும்.

இங்கே விளக்குவது ஏர் பிரேக்குடன், பிரேக் ஷூக்களை டிரம்மின் மீது விரித்து அழுத்தும் எஸ் வடிவ கேம் (எஸ்-கேம்) பொருத்திய லாரிகளுக்கானது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். ஏர் அழுத்தம் 6 பாருக்கு மேல் ஏறியபின் எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். அழுத்தம் குறைவாக இருந்தால் காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் கூடான சேம்பருக்குள் உள்ள ஸ்பிரிங்கே பிரேக்கைப் பிடித்துவிடும், இல்லாத பழுதைத் தேடி அலைய நேரிடும். ஆக்சிலை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் இறக்கியபின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள், ஏனெனில் ஹப் பேரிங் கெட்டாலும் சூடேறும்.

இனி ஒருவரை பிரேக் மிதித்து விடச் சொல்லி, சேம்பரிலிருந்து நீளும் தண்டான புஷ் ராடைப் பாருங்கள். அது சட்டென்று முழுதாகத் திரும்பியும் சக்கரம் இறுகியிருந்தால் பழுது டிரம் பக்கம் இருக்கிறது: புஷ் ராடின் அசைவை கேமுக்குக் கடத்தும் நெம்பான ஸ்லாக் அட்ஜஸ்டர் அதிகமாக இறுக்கப்பட்டிருக்கலாம், ஷூவைப் பின்னிழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம், ஷூ அசையும் அச்சான ஆங்கர் பின் துருப்பிடித்திருக்கலாம்.

புஷ் ராடு திரும்பவில்லையென்றால், சேம்பருக்குக் காலால் மிதிக்கும் பிரேக்கின் காற்று வரும் ஹோஸை மட்டும், முகத்தை விலக்கிக்கொண்டு, மெதுவாகத் தளர்த்துங்கள். காற்று சீறி வெளியேறி ராடு திரும்பினால், அடைபட்டிருப்பது காற்றை வெளியேற்றும் வால்வு. இரு சக்கரமும் ஒன்றாகப் பிடிப்பதற்கும் அநேகமாக அதுவே காரணம். காற்று வரவில்லையென்றால் புஷ் ராடை ஸ்லாக் அட்ஜஸ்டருடன் இணைக்கும் கிளெவிஸ் பின்னைக் கழற்றி, ஸ்லாக் அட்ஜஸ்டரைக் கையால் அசைத்துப் பாருங்கள். அது இறுகியிருந்தால் கேமின் தண்டான கேம் ஷாஃப்ட், அது சுழலும் வளையமான புஷ்ஷில் சிக்கியிருக்கிறது. சாரல் மாதங்களில் இப்பாதையில் ஓடும் வண்டிகளில் ஈரமும் மணலும் சேர்ந்து செய்யும் வேலை இது. பின்னைக் கழற்றியும் ராடு நீண்டே நின்றால் பழுது பெரும்பாலும் சேம்பரில்தான். ஸ்பிரிங் உள்ள சேம்பரின் கிளாம்பை ஒருபோதும் கழற்றாதீர்கள். உள்ளே அழுத்தப்பட்டிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் விசையுடையது. சேம்பரை முழுதாக மாற்றும் வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பழுதை நீக்காமல் ஸ்லாக் அட்ஜஸ்டரை மட்டும் தளர்த்திவிட்டு அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன். சக்கரம் சுற்றும், ஆனால் இறக்கத்தில் அந்தச் சக்கரத்தின் பிடிப்பு குறைந்திருக்கும். கேம் ஷாஃப்ட் சிக்கியிருந்தால் அதை வெளியே எடுத்து, துருவை நீக்கி, தேய்ந்த புஷ்ஷை மாற்றி, அளவாக கிரீஸ் இடுங்கள். மிகுதியான கிரீஸ், ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கில் பட்டால் பிரேக் வழுக்கும். தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தால் கசியும் ஹப் சீலையும் இருபக்க லைனிங்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

கையால் திருகும் ஸ்லாக் அட்ஜஸ்டரானால், லைனிங் டிரம்மைத் தொடும்வரை இறுக்கி, பிறகு கால் முதல் அரைச் சுற்று தளர்த்தினால் போதும். தானியங்கி வகைக்குத் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள முறையே சரி. பிறகு, மலையேறுவதற்கு முன், செங்கோட்டையிலிருந்து தென்காசிவரை சமவெளியில் ஓட்டி, இரு டிரம்களின் சூட்டையும் மறுபடி ஒப்பிடுங்கள்.