பயாப்சி ரூம்லயே ஸ்லைடு பாக்குறதுல தவிர்க்க வேண்டிய தப்புகள்

மார்புல கட்டின்னு ஊசி பயாப்சி எடுக்கும்போது சில ஆஸ்பத்திரில பக்கத்துலயே மைக்ராஸ்கோப் வச்சிருப்பாங்க, வந்த துண்ட கண்ணாடி ஸ்லைடுல லேசா ஒத்தி, டிஃப்-குயிக் மாதிரி சீக்கிரம் புடிக்கிற ஒரு ஸ்டெயின் (சாயம்) போட்டு சில நிமிஷத்துல பாத்துருவாங்க. செல் போதுமான அளவு வந்திருக்கா, இன்னொரு தடவ குத்தணுமான்னு அங்கயே தெரிஞ்சுரும், பேஷன்ட்ட திரும்ப வர சொல்ல வேண்டியதில்ல. இதுக்குத்தான் அது.

ஆனா நெறைய பேர் இதையே ரிசல்ட்டா எடுத்துக்கறாங்க. "சாம்பிள் போதும்"னு டாக்டர் சொன்னா கேன்சர் இல்லன்னு அர்த்தம் கெடையாது. ஒத்தி எடுத்த ஸ்லைடுல தனித்தனி செல்லுதான் தெரியும், கேன்சர் செல்லே இருந்தாலும் அது பால் குழாய்க்குள்ளயே நிக்குதா இல்ல வெளிய பரவிருச்சான்னு சொல்ல முடியாது, முழு துண்டையும் ப்ராசஸ் பண்ணி வெட்டி பாத்தாதான் உண்டு. பால் சுரப்பி பக்கம் வர்ற லோபுலர்ங்கற கேன்சர் டைப்ல செல் சின்னதா கொஞ்சமாத்தான் வரும், அதனால ஒண்ணும் இல்லாத மாதிரியே தோணும். கர்ப்பிணி, பால் குடுக்கறவங்கன்னா இதுக்கு நேர் எதிர், சாதா கட்டியே கேன்சர் மாதிரி தெரிஞ்சு பயமுறுத்தும், கர்ப்பம், பால் குடுக்கறத ஃபார்ம்ல எழுதாம அனுப்பறவங்கள என்ன சொல்றது. மேமோகிராம்ல தெரிஞ்ச கால்சியம் புள்ளிக்காக எடுத்த துண்டா? அத எக்ஸ்ரே எடுத்து புள்ளி வந்திருக்கான்னு பாக்கணும், ஸ்லைடு மட்டும் பத்தாது.

லேப் பக்கமும் தப்பு இருக்கு. ஒத்த சொன்னா போட்டு தேய்ச்சிருவாங்க, துண்டுல இருக்குற செல்லெல்லாம் ஸ்லைடுக்கு போயிரும், அப்புறம் கேன்சருக்கு எந்த மருந்து கேக்கும்னு பாக்குற ஈஆர், பிஆர், ஹெர்2 டெஸ்டுக்கு என்ன மிஞ்சும்? ஒத்தினதும் துண்ட, கெடாம வைக்கிற ஃபார்மலின் திரவத்துல போட்டுரணும், 1 மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்கவே கூடாது, உள்ள 6ல இருந்து 72 மணி நேரம் ஊறணும். அந்த ஃபார்மலின் பாட்டில மூடாம காயிற ஸ்லைடு பக்கத்துல வச்சா ஆவி பட்டே ஸ்டெயின் கெட்டுரும், செல்லெல்லாம் நீலமா மங்கலா தெரியும். ஸ்கேன் ஜெல்லும் அப்படித்தான், குத்துற எடத்துல தொடைக்காம விட்டா ஸ்லைடு பூரா ஊதா கலர்ல பொடிப்பொடியா படிஞ்சு செல்ல மறைச்சிரும்.

இன்னும் சில சர்ஜன்கள் அவசரத்துல, ஊசில வந்த துண்டையே ஃப்ரோசன் பண்ணி, அதாவது உடனே உறைய வச்சு வெட்டி பாத்து சொல்லுங்கன்னு கேப்பாங்க. நூல் மாதிரி இருக்குற அந்த துண்ட உறைய வச்சு வெட்டுனா பாதி வீணாயிரும், மிச்சமும் ஐஸ் பட்டு உருவம் மாறிரும். ஆபரேஷன் நடுவுல அக்குள் நெறிக்கட்டிய பாக்கணும்னா ஃப்ரோசன் கேளுங்க, இதுக்கு வேணாம்.