பாலும் முட்டையும் இல்லாமல் 5 வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் சாப்பாடு

வீகன் சாப்பாடு என்றதும் எல்லாரும் புரோட்டீனைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். இந்த வயதுக்குத் தேவை சுமார் 16 கிராம். சாம்பார், சுண்டல், வேர்க்கடலை என்று வயிறாரச் சாப்பிடும் பிள்ளைக்கு அது தானாக வந்துவிடும். சறுக்குவது வேறு இடங்களில்.

1. முதலில் வைட்டமின் பி12. தாவர உணவில் நம்பத்தகுந்த பி12 கிடையாது. பழைய சோறு, இட்லி மாவு எதையும் கணக்கில் எடுக்காதீர்கள். ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் இருப்பது பெரும்பாலும் உடலுக்கு உதவாத வகை. சொட்டு மருந்தோ மாத்திரையோ கட்டாயம். அளவைக் குழந்தை மருத்துவர் சொல்லட்டும். தேவையைவிட மாத்திரையில் பல மடங்கு இருக்கிறதே என்று பயம் வேண்டாம், ஒரு வேளைக்குக் குடல் கொஞ்சம்தான் உறிஞ்சும். கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிட்டால் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் தாராளமாகக் கிடைக்கும். அதனால் பி12 குறைந்தாலும் ரத்தசோகை வெளியே தெரியாமல் போகலாம். நரம்பு பாதிப்பு மட்டும் தொடரும்.

2. கால்சியம், இலக்கு 550 மில்லிகிராம். கேழ்வரகு மாவு 30 கிராமில் சுமார் 105, வறுத்துப் பொடித்த எள் ஒரு டேபிள்ஸ்பூனில் 110, முருங்கைக்கீரை 25 கிராமில் 80. மிச்சத்துக்குக் கால்சியம் சேர்த்த சோயா பால் ஒரு டம்ளர். 200 மில்லியில் 240 வருகிறதா என்று லேபிளில் பாருங்கள். குலுக்காமல் ஊற்றினால் கால்சியம் அடியிலேயே தங்கிவிடும். வீட்டில் அரைத்த பாதாம் பால் இதற்கு ஈடாகாது. பசலைக்கீரையும் உதவாது, அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

3. பிள்ளையின் வயிறு சின்னது. காய், கீரை, தவிடு நீக்காத தானியம் என்று நார்ச்சத்தாகவே போட்டால் வயிறு நிரம்பும், எடை ஏறாது. பருப்பு சாதத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய், தோசைக்குத் தேங்காய்ச் சட்னி, மாலையில் வேர்க்கடலை உருண்டை. இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குக் கடலையை முழுதாகத் தராதீர்கள், புரையேறும்.

4. சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். ஒமேகா-3க்கு ஆளிவிதைப் பொடி 2 டீஸ்பூன். உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும், இந்துப்புக்கு மாறியவர்கள் கவனிக்க. வைட்டமின் டி மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

5. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடையை வளர்ச்சி அட்டவணையில் குறியுங்கள். கோடு கீழே சரிந்தால் அடுத்த மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். சாப்பாட்டுப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் திட்டம் பொருந்தாது.