மகளிர் தினப் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் பிறந்தால் கடலூரிலும் புதுச்சேரியிலும் பள்ளி, கல்லூரி, நூலகம் எங்கும் பேச்சுப்போட்டிதான். தலைப்பு பெரும்பாலும் ஒன்றே: வரலாற்றில் சாதனைப் பெண்கள். இந்தப் போட்டிகளில் நடுவராக உட்காருகிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறார்கள். குரலிலும் உச்சரிப்பிலும் குறையில்லை. பேச்சு முடிந்ததும், “நீ சொன்ன அந்த அம்மா என்னம்மா செய்தாங்க?” என்று கேட்டால்தான் தயங்கி நிற்கிறார்கள். வீரமங்கை, சிங்கப்பெண், புரட்சித்தாய் என்று அடைமொழிகள் வந்துவிடுகின்றன, செய்த வேலை வருவதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுதிக் கொடுப்பவர்கள் நாம்தான், ஆசிரியர்களும் பெற்றோர்களும்.

பட்டத்தோடு நிறுத்திவிடுவது

கடலூர்ப் பிள்ளைகள் அதிகம் எடுப்பது அஞ்சலை அம்மாளை. எடுக்கத்தான் வேண்டும், நம் முதுநகரில் 1890-ல் பிறந்தவர். பத்தில் எட்டுப் பேச்சு “தென்னாட்டு ஜான்சிராணி என்று காந்தியடிகளால் அழைக்கப்பட்ட” என்று தொடங்கி, அங்கேயே சுற்றிச் சுற்றி வந்து முடிந்துவிடுகிறது.

அவர் செய்ததைப் பாருங்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் கர்னல் நீலுக்கு ஒரு சிலை இருந்தது. 1857 எழுச்சியைக் கொடூரமாக அடக்கிய ராணுவ அதிகாரி அவர். அந்தச் சிலையை எடுக்கச் சொல்லி 1927-ல் நடந்த சத்தியாகிரகத்தில் அஞ்சலை அம்மாள் கலந்துகொண்டு சிறை போனார். ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவும் உடன் போனாள். அந்தக் குழந்தையைத்தான் காந்தி பிற்பாடு லீலாவதி என்று பெயர் மாற்றித் தன் ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டார். 1937 தேர்தலில் அஞ்சலை அம்மாள் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு, ராஜாஜி தலைமையில் அமைந்த ஆட்சி நீல் சிலையைச் சாலையிலிருந்து அகற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. எந்தச் சிலைக்காகக் குழந்தையோடு சிறை போனாரோ, அந்தச் சிலை பத்தே ஆண்டில் இறங்கியபோது அவர் சட்டமன்ற உறுப்பினர். இதைச் சொன்னால் அரங்கம் தானாக நிமிர்ந்து உட்காரும், அடைமொழியே வேண்டியிருக்காது.

பட்டம் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1934-ல் காந்தி கடலூர் வந்தபோது அஞ்சலை அம்மாளைச் சந்திக்க அரசு தடை போட்டிருந்தது. அவர் பர்தா அணிந்து குதிரை வண்டியில் போய்ச் சந்தித்தார். அந்தத் துணிச்சலுக்குக் கிடைத்த பெயர் அது.

அவர் கடைசி மகன் பிறந்த கதை இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. வேலூர்ச் சிறையிலேயே பிறந்தான் என்று ஒன்று. பிரசவத்துக்காக வெளியே விடப்பட்டு, பெற்ற சில நாளிலேயே கைக்குழந்தையோடு திரும்பப் போனார் என்று இன்னொன்று. மேடையில் எது உருக்கமாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கர்ப்பிணியாகச் சிறை சென்றார், அந்தப் பிள்ளைக்கு ஜெயில்வீரன் என்று பெயர் வைத்தார்கள் என்பது இரண்டு கதைக்கும் பொது. அதுவே போதும்.

வேலுநாச்சியாரையும் ஜான்சிராணியோடு ஒப்பிடும் வழக்கம் இருக்கிறது. வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்டது 1780-ல், மறைந்தது 1796-ல். ஜான்சியின் லட்சுமிபாய் போரிட்டது 1857-58-ல். முன்னால் வந்தவரை ஏன் பின்னால் வந்தவரின் சாயலாகக் காட்ட வேண்டும்?

‘முதல் பெண்’ என்ற ஆசை

அடுத்து அதிகம் கேட்பது: “இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி.” தவறு. ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மருத்துவப் பட்டம் பெற்றது 1886-ல். வங்காளத்தில் காதம்பினி கங்கூலி மருத்துவத் தகுதி பெற்றதும் அதே ஆண்டு. முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறியது 1912-ல், அதாவது 26 ஆண்டு கழித்து. ஆனந்திபாய் ஊர் திரும்பியதும் நோயில் விழுந்து 1887-ல், 21 வயதில் இறந்துபோனார். காதம்பினிதான் இங்கே பல ஆண்டு தொழில் செய்தார். ‘முதல்’ என்ற ஒரே சொல் இந்த வேறுபாட்டையெல்லாம் விழுங்கிவிடுகிறது.

முத்துலட்சுமி ரெட்டிக்கு உண்மையிலேயே உரிய முதன்மை வேறு. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண் அவர். 1926-ல் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார், பிறகு அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ‘பிரிட்டிஷ் இந்தியா’ என்பதை விட்டுவிட்டு ‘இந்தியா’ என்று மட்டும் எழுதாதீர்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மருத்துவர் மேரி பூனன் லூக்கோஸ் அதற்கு முன்பே சட்டசபையில் இருந்தார்.

புதுச்சேரிப் பள்ளிகளில் இன்னொரு குழப்பம்: அவரைப் புதுச்சேரிக்காரர் என்று எழுதுகிறார்கள். அவர் பிறந்தது புதுக்கோட்டை.

சங்கடமான பகுதியை வெட்டிவிடுவது

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நினைக்கிறேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். பெரும்பாலான பேச்சுகளில் தந்தை வருகிறார், தாயார் வருவதில்லை. வந்தாலும் பெயரோடு சரி. பள்ளியில் சொல்ல வேண்டாமே என்று பெரியவர்கள் அடித்துவிடுகிறார்கள். அதை எடுத்துவிட்டால் அவர் வாழ்க்கையே புரியாது. சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையில் அவர் போராடியது, யாரோ ஒரு கூட்டத்துக்கு இரக்கப்பட்டு அல்ல. தன் வீட்டுக் கதை அது. சட்டம் கடைசியில் நிறைவேறியது 1947-ல். இடையில் 1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்துச் சட்டசபைப் பதவியை விட்டு விலகினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். தங்கை புற்றுநோயில் இறந்த துயரத்திலிருந்து பிறந்த முயற்சிதான் 1954-ல் அடையாறில் திறந்த புற்றுநோய் மருத்துவமனை. இன்று கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் அங்கே சிகிச்சைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பேச்சில் இதற்கு ஒரு வரி கொடுத்தாலும் கேட்பவர்களுக்குத் தங்கள் வீட்டில் ஒருவர் நினைவுக்கு வருவார்.

இன்னும் ஒன்று. அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். தேவதாசிகளே சங்கமாகக் கூடி எதிர்த்தார்கள். அவர்களில் முக்கியமானவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி ஆலயம் எழுப்பத் தன் சொத்தைக் கொடுத்தவர். முத்துப்பழனி என்ற தெலுங்குக் கவிஞையின் நூலைத் தேடிப் பிடித்து 1910-ல் முழுமையாக அச்சிட்டு, அது தடை செய்யப்பட்டதையும் தாங்கியவர். கலை, சொத்துரிமை, தனித்து வாழும் உரிமை எல்லாம் போய்விடும் என்பது அவர் தரப்பு வாதம். அதே ஒழிப்புக்காக மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவரும் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர். மூன்று பேரும் தமிழ்நாட்டில் வாழ்ந்த பெண்கள், மூன்று பேரும் பெரியவர்கள், ஆனால் மூவருக்கும் இதில் ஒரே கருத்து இல்லை. நான் முத்துலட்சுமி ரெட்டியின் பக்கம் நிற்கிறேன். பிள்ளைகளின் உடல் சம்பந்தப்பட்ட விஷயத்தில் வேறு பக்கம் நிற்க முடியாது. ஆனாலும் நாகரத்தினம்மாளை மறைத்துவிட்டு என் பக்கத்தை மட்டும் பெருமைப்படுத்துவது நேர்மையில்லை.

வழிவழிக் கதையை ஆண்டுக்கணக்கோடு எழுதுவது

புதுச்சேரி பாரதி பூங்காவில் வெள்ளை வெளேரென்று நிற்கும் ஆயி மண்டபத்தை எல்லோருக்கும் தெரியும். அரசு முத்திரையில் இருப்பதும் அதுதான். கிருஷ்ணதேவராயர் அந்த வழியாக வந்தபோது ஆயி என்ற கணிகையின் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டார், உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னார், அந்த இடத்தில் ஆயியே குளம் வெட்டினாள் என்பது கதை. ராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. மண்டபம் கட்டப்பட்டதோ மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்தரையர்பாளையத்திலிருந்து ஊருக்குள் குடிநீர் கொண்டுவந்தபோது. இடையில் 300 ஆண்டுக்கு மேல். அதனால் “16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த சமூக சேவகி ஆயி” என்று எழுதாதீர்கள். “குடிநீர்த் திட்டத்துக்கு மண்டபம் எழுப்பியபோது, குளம் வெட்டியதாக ஊர் நினைவில் வைத்திருந்த ஒரு பெண்ணின் பேர் அதற்கு நிலைத்தது” என்று எழுதுங்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வியப்பாக இருக்கிறது. ஊர் தன் தண்ணீருக்கு ராயரின் பேரைச் சொல்லவில்லை, பிரெஞ்சு அரசரின் பேரையும் சொல்லவில்லை.

காரைக்கால் அம்மையார் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். மாங்கனித் திருவிழா அளவுக்கு மாம்பழக் கதை பேச்சில் நிறைந்திருக்கிறது. புனிதவதி, பரமதத்தன், இரண்டு மாம்பழம் என்ற வரலாறு நமக்குச் சேக்கிழார் 12-ம் நூற்றாண்டில் பாடியது. அம்மையார் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியவர். அவர் பாடல்களில் மாம்பழமும் இல்லை, கணவனும் இல்லை. ‘காரைக்கால் பேய்’ என்று தன்னையே சொல்லிக்கொள்ளும் ஒரு கவிஞர்தான் இருக்கிறார். 101 வெண்பாவில் அற்புதத் திருவந்தாதி, 20 பாடலில் திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டின் மீது இரண்டு பதிகம். தேவாரம் பாடிய மூவருக்கும் முன்பே பதிகம் பாடியதால்தான் அவருடையவை மூத்த திருப்பதிகம் ஆயின. பக்தியைச் சொல்லுங்கள், கூடவே கவிதையையும் சொல்லுங்கள்.

பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. திலகவதியாரை 63 நாயன்மார்களில் ஒருவராக எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் வரும் பெண்கள் காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் மூவர்தான். திருவாமூரில் பிறந்து, நிச்சயித்த மாப்பிள்ளை போரில் இறந்ததும் தம்பிக்காகவே உயிர் வைத்திருந்து, சூலை நோயோடு வந்த அந்தத் தம்பிக்குத் திருவதிகையில் நீறு கொடுத்த அக்காவுக்குப் பட்டியலில் இடமில்லை. அப்பர் என்று நாம் கொண்டாடுகிறவர் அவர் வளர்த்த தம்பி. பட்டியலில் இல்லாததையே சொல்லிப் பேச்சைத் தொடங்கலாமே.

பகைவர் எழுதியதை மட்டும் நம்புவது

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் மனைவி ழான், 1706-ல் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தாய்வழியில் இந்திய ரத்தம் உள்ளவர், தமிழ் பேசியவர். அரசியல் பேச்சுவார்த்தைகளில் அவருக்கிருந்த கை காரணமாக ஜான் பேகம் என்றே அழைக்கப்பட்டார். அவரைப் பற்றி நம்மிடம் புழங்கும் பெரும்பகுதி, துய்ப்ளேயிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து வருவது. பிள்ளைக்கும் அவருக்கும் ஆகாது. 1748-ல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதற்கு அவர்தான் தூண்டுதல் என்று பிள்ளை எழுதுகிறார். குறிப்பின் மதிப்பு பெரிது, அதை ஒதுக்கச் சொல்லவில்லை. “பிள்ளை இப்படி எழுதுகிறார்” என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள்

பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். அந்தப் பத்து ஆண்டை வீட்டுக்குள்ளிருந்து நமக்குக் காட்டியவர்களில் இரண்டு பெண்கள் முக்கியமானவர்கள். ஒருவர் செல்லம்மா. இன்னொருவர் மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி, சிறுமியாக அந்த வீட்டில் ஓடியாடிப் பிற்பாடு நினைவுகளை எழுதியவர். இந்த இரண்டு பேரையும் பேச்சில் ‘பாரதியின் மனைவி’, ‘நண்பரின் மகள்’ என்று தாண்டிப் போகிறார்கள். 1921-ல் பாரதி இறந்த பிறகு, அவர் பாடல்களை அச்சில் கொண்டுவரும் பாரத்தைச் செல்லம்மா தோளில் ஏற்றிக்கொண்டார். கையில் பணமில்லாத ஒரு விதவை, அந்தக் காலத்தில் பதிப்பு வேலையில் இறங்குவது என்றால் என்ன என்று பிள்ளைகளை யோசிக்கவிடுங்கள்.

சில சிறிய தவறுகள்

வேலுநாச்சியாருக்குப் புகைப்படம் கிடையாது. கணினி வரைந்த முகத்தை ‘அரிய படம்’ என்று அட்டையில் ஒட்டாதீர்கள். அரவிந்தர் ஆசிரமத்து அன்னை 1878-ல் பாரிசில் பிறந்தவர். ஆரோவில்லின் பெரும்பகுதி இருப்பது தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில்.

புதுச்சேரிப் பெண்களைப் பற்றி எழுதும்போது “1947-ல் சுதந்திரம் பெற்ற பிறகு” என்று போட்டுவிடுகிறார்கள். இங்கே பிரெஞ்சு ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1-ல். சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். இந்த ஊரில் 1950-ல் ஊர்வலம் போன ஒரு பெண் பிரெஞ்சு அரசை எதிர்த்துத்தான் போனார். ஊர்வலம் போனவரின் ஊர் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரா, கடலூரா என்பதைப் பொறுத்து அவர் எதிரில் நின்ற அரசே மாறும். தேதியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.