அடியில் உள்ள எழுத்தை நம்பி ஏமாறாதீர்கள்

சின்னஞ்சிறு நீல-வெள்ளைச் சீனப் பீங்கான் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் கவிழ்த்து அடியில் உள்ள எழுத்தைத்தான் தேடுகிறார்கள். மிங் வம்சத்து ஷுவாண்டே பேரரசரின் (1426–1435) பெயர் என்று யாராவது படித்துச் சொல்லிவிட்டால் போதும், அங்கேயே விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். தவறுகளில் பெரியது இதுதான். பின்னால் வந்த சிங் வம்சத்துக் காங்ஷி பேரரசரின் காலத்திலேயே (1662–1722), சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெசனின் கைவினைஞர்கள் ஷுவாண்டே, செங்ஹுவா ஆகிய பழைய மிங் பேரரசர்களின் பெயர்களைத் தாராளமாக எழுதினார்கள். அதில் பழைய கைத்திறனுக்கான மரியாதையும் உண்டு, நிர்ப்பந்தமும் உண்டு: பாத்திரம் உடைந்தால் அவமதிப்பாகும் என்று, ஆளும் பேரரசரின் பெயரை எழுத 1677-ல் உள்ளூர் அதிகாரி தடை விதித்தார். பிற்காலப் போலிக்காரர்களுக்கும் அந்தப் பழைய பெயர்கள்தான் கைகொடுத்தன.

எழுத்தை விட்டு, அதைச் சுற்றியுள்ள அடி வளையத்தைப் பாருங்கள். கண்ணாடிப் பூச்சு படாத அந்த விளிம்பில்தான் மண் வெறுமையாகத் தெரியும். பூச்சு முடியும் ஓரத்தில் சில பாத்திரங்களில் மெல்லிய செம்பழுப்புக் கோடு ஓடும். மண்ணிலுள்ள இரும்பு சூளைச் சூட்டில் விட்டுச்சென்ற தடம் அது. ஆனால் வளையம் முழுக்க ஒரே பழுப்பாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். பழமை துணியோடு வந்துவிட்டால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

நீலத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தால் குறை என்று ஒதுக்கிவிடுவதும் தவறு. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த கோபால்ட் என்ற நீலச் சாயத்தில் இரும்பு அதிகம். அடர்த்தியாகத் தீட்டிய இடங்களில் அது கருமையாகத் திரண்டு பூச்சுக்குள் இறங்கியது. பின்னாளில் இதைப் போலச் செய்தவர்கள் தூரிகை நுனியால் புள்ளி புள்ளியாக வைத்தார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் இடைவெளி கொஞ்சம் அதிக ஒழுங்காக இருக்கும்!

ஓவியம் பூச்சின் மேல் இருப்பதாக நினைத்துச் சுரண்டிப் பார்ப்பவர்களும் உண்டு. சுடாத மண்ணின் மேல் தீட்டி, பூச்சு கொடுத்த பிறகே சூளையில் வைக்கிறார்கள். மண் சாயத்தை உடனே உறிஞ்சிவிடுவதால் அழித்து எழுத வழியில்லை. தீட்டும்போது சாம்பல் கலந்த கறுப்பாகத் தெரிவது, ஏறத்தாழ 1,300 டிகிரி வெப்பத்தில்தான் நீலமாகிறது.

பூச்சில் விரிசல் வலை தெரிந்தாலே பழையது என்பதும் தவறு. அதை வேண்டுமென்றே உண்டாக்க முடியும். கழுவும்போது வெந்நீர் வேண்டாம். ஒட்டிச் சரிசெய்த பாத்திரமாக இருந்தால் பசை இளகிவிடும்.