சக்கரம் வைத்த டூல் கேபினெட் வாங்குமுன்

வீட்டுக் கார் ஷெட்டுக்கு டூல் கேபினெட் வாங்கச் செல்பவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் இழுப்பறைகளின் எண்ணிக்கையையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள்; முதலில் பார்க்க வேண்டியவை இழுப்பறை ஓடும் தண்டவாளமும் அடியிலுள்ள சக்கரங்களும்தான். பால் பேரிங் (சிறு உலோக உருண்டைகள் மேல் ஓடும்) தண்டவாளம் பொருத்திய இழுப்பறையை, கடையிலேயே முழுவதும் வெளியே இழுத்து, அதன் முன்விளிம்பைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினாலோ, மூடும்போது கரகரத்தாலோ, ஸ்பேனர்களும் சாக்கெட் செட்டும் ஏறிய பிறகு அது தாங்காது. ஓர் இழுப்பறைக்கு 45 கிலோ வரை தாங்கும் என்று குறிப்பிட்டிருந்தால் வீட்டு வேலைக்குத் தாராளம்.

கேபினெட் செய்த தகட்டின் தடிமனைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள்; அந்த எண் குறையக் குறையத் தடிமன் கூடும் என்பதால், 18 கேஜ் தகடு 22 கேஜைவிட உறுதியானது. விற்பனையாளர் இதை மாற்றிச் சொல்வதும் உண்டு. சொரசொரப்பான சிமென்ட் தரையில் சிறு சக்கரங்கள் சிக்கிக்கொள்ளும் என்பதால் 5 அங்குலச் சக்கரங்களே நல்லது. இரண்டு சக்கரங்களுக்காவது பிரேக் இருக்க வேண்டும், ஷெட்டின் தரை தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகப் போடப்பட்டிருந்தால் அது கட்டாயம்.

கனமான சுத்தியலும் ட்ரில்லும் கீழ் அறைகளுக்கே உரியவை. மேல் இழுப்பறைகளில் பாரத்தை ஏற்றி, அவற்றை ஒரே நேரத்தில் திறந்தால் கேபினெட் முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். ஆகவே ஒன்று திறந்திருக்கையில் மற்றவை திறக்காதபடி தடுக்கும் பூட்டு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள், குழந்தைகள் நடமாடும் வீடென்றால் அது இல்லாத கேபினெட்டே வேண்டாம்.