கொப்பியில் எழுதிய மணித்தியாலங்கள்

கொழும்பு, கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வந்தால் நள்ளிரவிலும் மடிக்கணினிதான். தூங்கி எழுந்தாலும் அலுப்புத் தீராது. மகன் கூப்பிட்டாலே எரிச்சல் வரும். இரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. உலக சுகாதார அமைப்பு 2019இல் ‘பேர்ன்அவுட்’ (burnout) எனப்படும் இந்தச் சோர்வை நோயாக அல்லாமல், தீர்க்கப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவாக வகைப்படுத்தியது என்று அறிந்ததும், வேலை நேரத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

வந்த நேரம், போன நேரம், வீட்டில் திறந்த கோப்பு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினேன். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வாரத்துக்கு 45 மணித்தியால வேலை; மேலதிக நேரம் 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, அதற்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. கொப்பியை மேலாளர் முன் விரித்து வைத்தேன்.

“எல்லோரும் செய்கிறார்கள்தானே, தங்கச்சி?”

“சட்டமும் எல்லோருக்கும்தானே, சேர்?”

மாத முடிவு வேலையில் பாதி இப்போது இன்னொருவரிடம் இருக்கிறது.

வீட்டு வேலைக்கு மணிக்கணக்கு வைக்கச் சட்டம் இல்லை. பெண்களை முறிப்பது இந்த இரண்டாம் சுமைதான். இரவுச் சமையலைக் கணவர் முழுதாக ஏற்றுக்கொண்டார், புட்டு அவிப்பது உட்பட. இரவில் வரும் வாட்ஸ்அப் செய்திகள் மட்டும் இன்னும் நிற்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அதையும் கேட்கப்போகிறேன்.